தீவு விமான நிலையத்தில் ஒரு டீக்கடைக் கணக்கு

"அந்தமானுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறீர்களே, நம் இதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று செயலாளர் கேட்டார். செல்லுலார் சிறையைப் பற்றியும் கடலின் அழகைப் பற்றியும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பருப்பு வியாபாரி. அங்கே விமான நிலையத்தில் பசியோடு உட்கார்ந்திருந்த கதையைத்தான் எழுத முடியும். அதில் நம் தொழிலுக்கு வேண்டிய கணக்கு ஒன்று இருப்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குத் துவரை, உளுந்து, மிளகாய், புளி எல்லாம் கப்பலில் அனுப்புவது எங்கள் கடையில் அப்பா காலத்துப் பழக்கம். கடல் வழி 1,300 கிலோமீட்டருக்கும் மேல். பயணிகள் கப்பல் போய்ச் சேரவே மூன்று நாள் ஆகும். சரக்கு துறைமுகத்தில் காத்திருக்கும் நாளையும் அங்கே இறக்கும் நாளையும் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். அபர்தீன் பஜாரில் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். பணம் தாமதமாக வந்தாலும் சுத்தமாக வந்துவிடும். 2014 ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். என் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

தீவில் தமிழ் கேட்காத தெரு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் முழுவதும் 3.8 லட்சம் பேர். அதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றியபோது, "இது நாம் அனுப்பிய பருப்புதான்" என்று மனைவியிடம் காதோடு சொன்னேன். "சாப்பிடும்போதும் வியாபாரமா?" என்றாள்.

தவறு திரும்பி வரும் நாள் காலையில் நடந்தது. தவறு முழுக்க என்னுடையது.

பசி வந்த காலை

நம் கடிகாரம்தான் அந்தமானுக்கும். ஆனால் சூரியன் அங்கே முந்திக்கொள்கிறது. கோடையில் ஐந்து மணிக்கெல்லாம் பளீரென்று வெளுத்துவிடும். மார்கழியில் மாலை ஐந்தேகாலுக்கே விளக்கு ஏற்ற வேண்டும். விமானங்களும் அப்படித்தான். நீண்ட காலம் அங்கே விமானப் போக்குவரத்து எல்லாம் காலையில் தொடங்கிப் பிற்பகலோடு முடிந்துவிடும். ஆகையால் ஊர் திரும்புகிறவர்கள் எல்லாருமே விடியற்காலையில் அறையைக் காலி செய்து புறப்படுவார்கள். கல்யாண வீட்டார், "அண்ணாச்சி, இட்லி வெந்துகொண்டிருக்கிறது, பத்து நிமிடத்தில் கட்டித் தருகிறோம்" என்றார்கள். நான்தான், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், நேரமாகிறது" என்று மறுத்தேன். ஊரெல்லாம் பலசரக்கு விற்கிறவன், ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளவில்லை.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கட்டளை. அறையிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டாள்.

அன்றிருந்த பழைய டெர்மினல் சிறியது. நம் ஊர்ப் பெரிய கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போனால் ஒரே ஒரு கவுண்டர். டீ, காபி, பிஸ்கட், கேக், பஃப்ஸ், தண்ணீர் பாட்டில், சிப்ஸ். அவ்வளவுதான். வரிசை நீளமாக இருந்தது. "கூட்டம் குறையட்டும்" என்று உட்கார்ந்தோம். அது இரண்டாவது தவறு.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்தமானில் ஆண்டுக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆவணி அங்கே மழைக்காலத்தின் நடுப்பகுதி. எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் சென்னையிலிருந்து வந்து, மேலே சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்க முடியாமல் திரும்பிவிட்டது என்று அறிவித்தார்கள். நம் ஊரில் மதுரையில் இறங்க முடியாவிட்டால் திருச்சியில் இறங்கலாம். தீவில் அப்படிப் பக்கத்து ஊர் கிடையாது. சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பிப் போகும் அளவுக்கு எரிபொருளோடுதான் வருவார்கள். வந்த விமானம் திரும்பினால், அது மறுபடி புறப்பட்டு வரப் போக வர நாலரை மணி நேரம் குறையாமல் ஆகும். அதற்குள் அடுத்த விமானத்துக்கு உரிய கூட்டமும் உள்ளே வந்து சேர்ந்தது.

கவுண்டரில் இருந்த சரக்கு அரை மணியில் தீர்ந்தது. முதலில் பஃப்ஸ், பிறகு கேக், பிறகு பிஸ்கட். கடைசியில் டீக்கும் பால் இல்லை. என் மனைவியின் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "என்னங்க, கண்ணை இருட்டுது" என்றாள். சர்க்கரை இறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். கையில் ஒரு மிட்டாய்கூட இல்லை. மூட்டை மூட்டையாகச் சர்க்கரை ஏற்றி இறக்கிய ஆள், ஒரு ஸ்பூன் சர்க்கரைக்காகக் கவுண்டரை நோக்கி ஓடினேன்.

உள்ளே நின்றிருந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "அக்காவுக்குச் சுகரா அண்ணாச்சி?" என்று கேட்டபடியே ஒரு டம்ளர் வெந்நீரில் மூன்று பொட்டலம் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக் கொடுத்தார். கவுண்டருக்குக் கீழே துணிப்பைக்குள்ளிருந்து இரண்டு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட்டும் எடுத்தார். "இது விற்பனைக்கு இல்லை. பிளேன் திரும்பிப் போகும் நாளில் இப்படி யாராவது ஒருவர் வருவார்கள். அதற்காக ஒதுக்கி வைப்பேன்" என்றார். கால் மணியில் அவள் முகம் தெளிந்தது. காசு கொடுத்தேன். பிஸ்கட்டுக்கு மட்டும், அதுவும் பாக்கெட்டில் போட்டிருந்த விலைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தே வாழ்கிறோம் அல்லவா! சர்க்கரை திடீரென்று இறங்கினால் உடனே வேண்டியது வெறும் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடர், மூன்று தேக்கரண்டி அளவு, தண்ணீரில் கரைத்து. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். பிஸ்கட், பழம் எல்லாம் தெளிந்த பிறகு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, டாக்டரிடம்தான் கொண்டு போக வேண்டும்.

கவுண்டரின் கணக்கு

விமானம் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கவுண்டரில் விற்க எதுவும் இல்லை. வியாபாரியும் வியாபாரியும் சும்மா இருந்தால் என்ன பேசுவார்கள்? "தம்பி, கூட்டம் இவ்வளவு இருக்கிறது, சரக்கு ஏன் இவ்வளவு குறைவாக வைக்கிறீர்கள்? இருந்தால் விற்றிருக்குமே" என்று கேட்டேன். நான் ஏதோ பெரிய யோசனை சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவர் சிரித்தார். "அண்ணாச்சி, விமானம் நேரத்துக்கு வந்திருந்தால் இந்நேரம் உள்ளே ஈ காக்கா இருக்காது. இன்றைக்கு விற்ற பஃப்ஸ் நேற்று பாதி மீதி. பஃப்ஸை நாளைக்கு விற்க முடியுமா?"

நமக்குப் பருப்பு மூட்டை ஆறு மாதம் தாங்கும். அவருடைய சரக்குக்கு ஆயுள் ஒரு காலைப்பொழுது. வருகிற கூட்டம் அளந்து வைத்த கூட்டம். இன்றைக்கு இத்தனை விமானம், இத்தனை இருக்கை, அதில் பாதிப் பேர் ஓட்டலில் காலை உணவு முடித்து வருவார்கள். கடைத்தெருவில் இருப்பது போல "நாலு மணிக்கு மேல் கூட்டம் வரும்" என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. கடைசி விமானம் கிளம்பினால் கடை மூடியாயிற்று. மாதத்தில் ஏதோ ஒன்றிரண்டு நாள் விமானம் திரும்பிப் போகிறது என்பதற்காக, மற்ற நாளெல்லாம் கூடுதல் சரக்கு போட்டுக் குப்பையில் கொட்ட யாருக்குக் கட்டுப்படியாகும்?

அடுத்தது இடத்தின் செலவு. விமான நிலையக் கடைகளைப் பெரும்பாலும் டெண்டர் மூலம் விடுகிறார்கள். மாதம் இவ்வளவு என்று குறைந்தபட்ச உரிமத் தொகை ஒன்று, அல்லது விற்பனையில் இத்தனை சதவிகிதம், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டு என்பது வழக்கமான முறை. முன்பணம் தனி, மின்சாரம் தனி. மழை பெய்து விமானமே வராத நாளிலும் குறைந்தபட்சத் தொகை நிற்காது. வேலைக்கு வருகிற ஒவ்வொரு பையனுக்கும் நன்னடத்தை விசாரித்து நுழைவு அனுமதி அட்டை வாங்க வேண்டும். ஒருவன் திடீரென்று நின்றுவிட்டால் நம் கடையைப் போலப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் கூப்பிட முடியாது. உள்ளே வரும் பால் பாத்திரத்திலிருந்து பிஸ்கட் பெட்டி வரை சோதனைக்கு உட்பட்டே வரும். தீர்ந்துவிட்டது என்றால் ஓடிப்போய் ஒரு பெட்டி எடுத்து வரும் காரியம் நடக்காது.

மூன்றாவது, கப்பல். இதை அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. தேங்காய், பாக்கு, வாழை, மீன் தீவில் உண்டு. அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வர வேண்டும். அவசரக் காய்கறி விமானத்திலும் வரும், அதற்கு உரிய கூலியோடு. பசும்பால் தட்டுப்பாடு என்பதால் டீக்குப் பால் பவுடர்தான் கை கொடுக்கும். கப்பல் வந்த வாரம் ஒரு விலை, வராத வாரம் ஒரு விலை. ஆனால் விமான நிலையத்தில் விலைப்பலகை எழுதி மாட்டியது மாட்டியதுதான். ஆகவே வராத வாரத்து விலையைத்தான் முன்கூட்டியே பலகையில் எழுதுவார்கள்.

இத்தனை வருடம் நான் அனுப்பிய சரக்கு துறைமுகத்தில் இறங்கியதோடு என் கணக்கு முடிந்தது. அதன் கடைசிக் கிலோமீட்டரில் இத்தனை செலவு ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பசித்த வயிற்றோடு கேட்ட பிறகுதான் அறிந்தேன்.

வாசலுக்கு வெளியே

மதியம் ஆகியும் விமானம் வரவில்லை என்று வெளியே விசாரிக்க வந்த எங்கள் வாடிக்கையாளரின் மூத்த மகன், விவரத்தைப் போனில் கேட்டுப் பதறிவிட்டார். கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தார். ஆனால் டிக்கெட் இல்லாதவர் உள்ளே வர முடியாது. சோதனை முடிந்த நாங்கள் நினைத்தபடி வெளியே போகவும் முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோறு, இந்தப் பக்கம் நாங்கள். பிறகு காவலுக்கு நின்றவர் இரக்கப்பட்டு, முறைப்படி சோதித்து உள்ளே அனுப்பினார். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். கவுண்டர் தம்பிக்கும் பங்கு கொடுத்தோம். அவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை!

வெளியே சாலையோரத்தில் இருந்த டீக்கடையைப் பற்றி அந்த மகன் சொன்னார். அங்கே காலை நாலரை மணிக்கே அடுப்பு எரியும். டாக்சிக்காரர், ஆட்டோக்காரர், வழியனுப்ப வந்தவர், வேலைக்கு வரும் பணியாளர், கட்டட வேலைக்காரர் என்று நாள் முழுக்க ஆள் ஓட்டம். விமானம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு வியாபாரம். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதே பால் பவுடர், அதே கப்பலில் வந்த சர்க்கரை, விலை பாதிக்கும் கீழே. வித்தியாசம் சரக்கில் இல்லை, வாசலில் இருக்கிறது. ஒரு கடைக்கு ஊரே வாடிக்கை. மற்றதற்கு டிக்கெட் வாங்கியவர் மட்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு கடையைப் பற்றி ஸ்காட்லாந்தில் படித்து வந்த என் இளைய மகன் சொல்வான். அந்நாட்டின் மேற்கே பாரா என்று ஒரு தீவு. மொத்த ஜனமே ஆயிரத்துச் சொச்சம். அங்கே விமான ஓடுபாதை கிடையாது. 1936 முதல் கடற்கரை மணலில்தான் விமானம் இறங்குகிறது. அலை ஏறினால் ஓடுபாதை தண்ணீருக்குள் போய்விடும். ஆகையால் விமான நேரத்தையே கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். வருவது பத்தொன்பது பேர் அமரும் சின்ன விமானம். அதை நம்பிக் கடை வைத்தால் கடைக்காரன் பட்டினிதான். ஆனால் அந்தச் சின்னக் கட்டடத்தின் சாப்பாட்டுக்கடை பேர் பெற்றது. காரணம், ஊர்க்காரர்களே சூப்பும் கேக்கும் சாப்பிட அங்கே வந்து போவார்கள், விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் உட்காருவார்கள். டிக்கெட் கேட்க வாசலில் ஆள் இல்லை. நம் நாட்டில் பாதுகாப்புக் காரணத்தால் அப்படித் திறந்துவிட முடியாது. அது வேறு விஷயம். ஆனால் கடை நடப்பது ஊர்க்காரரால் என்ற கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

விலை அச்சிட்ட பாட்டில்

விமான நிலைய விலை என்றால் எல்லாருக்கும் கோபம் வருகிறது. முன்னாள் நிதி அமைச்சர் ப. சிதம்பரமே 2018-ல் சென்னை விமான நிலையத்தில் வெந்நீரும் டீத்தூள் பையும் 135 ரூபாய் என்று கேட்டு அதிர்ந்து, வேண்டாம் என்று சொல்லி வந்ததாக எழுதினார். நம் கடைகளிலும் வாடிக்கையாளர், "அங்கே மட்டும் பாட்டிலுக்கு வேறு விலையா?" என்று நம்மிடம் சண்டைக்கு வருவார்கள். ஆகவே சட்டம் என்ன என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பொட்டலமிட்ட பொருளைச் சில்லரைக் கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். தீவானாலும் விமான நிலையமானாலும் கப்பல் கூலி என்று சொல்லிக் கூட்ட முடியாது. முன்பு சில கம்பெனிகள் ஒரே பாட்டிலுக்குச் சந்தைக்கு ஒரு விலை, விமான நிலையத்துக்கும் சினிமா தியேட்டருக்கும் ஒரு விலை என்று இரண்டாக அச்சடித்தன. ஒரே மாதிரியான பொட்டலத்துக்கு அப்படி இரட்டை விலை போடக்கூடாது என்று விதியைத் திருத்தி, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓட்டலும் உணவகமும் உட்கார வைத்துப் பரிமாறுவதால் அது வெறும் விற்பனை அல்ல, அவர்கள் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே பயணி பார்க்க வேண்டியது, தான் நிற்பது கடையிலா, உணவகத்திலா என்பதை. டீக்கும் இட்லிக்கும் அச்சிட்ட விலையே கிடையாது. அங்கேதான் உரிமத் தொகை முழுவதும் ஏறி உட்காருகிறது.

அரசாங்கமும் இதை உணராமல் இல்லை. நாடாளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' என்ற மலிவுக் கடையைத் திறந்தார்கள். டீ 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காபி 20, சமோசா 20 என்று விலை வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் சென்னையிலும் ஒன்று தொடங்கினார்கள். இரண்டும் அந்தமான் போகிறவர்கள் புறப்படும் இடங்கள் என்பதால் நம்மவர்களுக்குப் பயன்படும். வாடகைச் சுமையைத் தளர்த்தினால் டீயின் விலை எங்கே வந்து நிற்கும் என்பதற்கு இந்தப் பத்து ரூபாயே சாட்சி.

இரண்டாம் பயணம்

2024 தொடக்கத்தில் மறுபடி போனேன். அதே வாடிக்கையாளரின் இளைய மகன் தனிக் கடை திறந்தார். இப்போது பழைய டெர்மினல் இல்லை. 2023 ஜூலை 18 அன்று பிரதமர் திறந்து வைத்த புதிய டெர்மினல், சிப்பி வடிவத்தில், சுமார் 40,800 சதுர மீட்டர் பரப்பில் நிற்கிறது. செலவு சுமார் 710 கோடி. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைத் தாங்கும் என்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஊருக்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் பில் புத்தகத்தில் இன்னும் போர்ட் பிளேர்தான் ஓடுகிறது.

கட்டடம் பெரிதானால் கடையும் கூடும். அது நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன கணக்கில் எந்தக் கட்டடமும் கப்பலை வேகமாக ஓட்டாது, மழையை நிறுத்தாது. எனக்கு வருத்தம் வேறு ஒன்றில். தென்னை மண்டிக் கிடக்கும் தீவு அது. சாலையோரத்தில் இளநீர் சீவிக் கொடுக்கிறார்கள், அத்தனை இனிப்பு. அந்த இளநீரைக் குடிக்க ஆசைப்பட்டால் விமான நிலைய வாசலுக்கு முன்பே குடித்துவிட வேண்டும். உள்ளே அரிவாளோடு யாரை நிறுத்த முடியும்? தேங்காயாகக் கையில் எடுத்துப் போகலாம் என்றால், முழுத் தேங்காயைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. சபரிமலை இருமுடிக்கு மட்டும் 2022 முதல் சீசன் காலத்தில் விலக்கு கொடுத்து வருகிறார்கள். கொப்பரையைப் பெட்டியில் போடவும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய சரக்கு என்று சர்வதேசப் பட்டியலிலேயே அதற்கு இடம் உண்டு. கொப்பரைக் கிட்டங்கி வைத்திருக்கிற நம் உறுப்பினர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றோட்டமில்லாமல் அடுக்கினால் மூட்டைக்குள் கை வைக்க முடியாத சூடு ஏறுவதைப் பார்த்திருப்பார்கள்.

பயணிகளுக்கு இன்னொரு உரிமையும் உண்டு, பலருக்குத் தெரியாது. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பறப்பு என்றால் (சென்னை - அந்தமான் அதில் அடங்கும்) விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும்போது காத்திருக்கும் பயணிக்கு விமான நிறுவனம் சாப்பாடும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. கேட்டால் கிடைக்கும், கேட்காதவர் பசித்திருப்பார். 2014-ல் எனக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை.

பொட்டல வியாபாரம்

இளைய மகனின் புதுக் கடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மளிகைக் கடைதான். ஆனால் முன்பக்கம் நாலடி மேசை ஒன்று போட்டிருக்கிறார். அதற்குப் 'பயணப் பொட்டலம்' என்று பெயர். என் மனைவி மயங்கிய கதையை அண்ணன் சொல்லக் கேட்டு, அன்றைக்கே மனதில் விழுந்த யோசனையாம். உள்ளே கவுண்டர் எடுக்கப் பணமும் இல்லை, துணிவும் இல்லை. "உள்ளே போகிறவன் கையில் என் பொட்டலம் இருந்தால் போதாதா மாமா?" என்றார்.

முந்தின நாள் இரவே லாட்ஜுகளிலிருந்து போனில் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை பொட்டலம் என்று தெரிந்த பிறகுதான் அரிசி ஊறும். ஆகவே மீதி என்ற பேச்சே இல்லை. புளியோதரை அல்லது சப்பாத்தி, உலர்ந்த பொரியல், இரண்டு வாழைப்பழம், ஒரு சின்னப் பொட்டலம் பொரிகடலை, நாலு குளுக்கோஸ் பிஸ்கட். குழம்பு, மோர், சட்னி கிடையாது. கசிந்தால் துணியும் கெடும், சோதனையில் நேரமும் போகும். தேங்காய்ச் சாதம் சீக்கிரம் நொந்துபோகும் என்பதால் அதுவும் கிடையாது. வாழை இலையில் மடித்துத் தாளில் கட்டுகிறார். விடியற்காலை நாலரைக்கு டாக்சிக்காரர்களே வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குப் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று சிறு கழிவு. சர்க்கரை நோயாளி என்று சொன்னால் குளுக்கோஸ் பவுடர் சின்னப் பொட்டலம் ஒன்று கூடவே வைத்து, அதற்குக் காசு வாங்குவதில்லை.

நம் ஊரில் மதுரை, திருச்சி, தூத்துக்குடி விமான நிலையங்களும் காலை விமானம் உள்ளவைதான். இராமேஸ்வரம் போகிற ரயிலும் பஸ்ஸும் காலையிலும் உண்டு. லாட்ஜ் தெருவில் மளிகை வைத்திருக்கிற உறுப்பினர்கள் ஒரு முறை அந்த நாலடி மேசையை யோசித்துப் பாருங்கள். முதல் தேவைப்படாது. முந்தின இரவு போனை எடுக்க ஆளும், மூன்று மணிக்கு எழுந்திருக்கும் உடம்பும் வேண்டும். சமைத்த உணவை விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் மறக்காமல் செய்துகொள்ளுங்கள். மளிகைக்கு வாங்கியிருப்பதே இதற்கும் போதுமா என்று உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் பயணத்தில் திரும்பி வரும்போது பழைய கவுண்டர் தம்பியைத் தேடினேன். புதுக் கட்டடத்தில் அவர் இல்லை. டாக்சிக்காரர் ஒருவர், அவர் ஊருக்கே திரும்பி, பரமக்குடிப் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறார் என்றார். விலாசம் கிடைக்கவில்லை. வாசகர்களில் அந்தப் பக்கத்து உறுப்பினர் யாருக்காவது அந்தமான் விமான நிலையத்தில் டீ விற்ற பேக்கரிக்காரரைத் தெரிந்திருந்தால் சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அன்று அவர் கலக்கிக் கொடுத்த சர்க்கரைக்கு நான் இன்னும் காசு கொடுக்கவில்லை.